டெக்சாஸ் குளிர்: வீட்டுக்குள்ளே குழாய் வெடிப்பது ஏன்? ஊருக்குக் கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? | எக்ஸ்பிளெய்னர்

டிசம்பர் வந்துவிட்டால் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளுக்கு லீவு, சென்னையில் கச்சேரி சீசன், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் பொங்கலையும் முடித்துவிட்டுத் திரும்பலாம். அங்கே வீடு மூன்று, நான்கு வாரம் பூட்டியே கிடக்கும்.

டெக்சாஸில் கடும் குளிர் வந்து இறங்குவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். வெயிலுக்குப் பெயர்போன ஊர்தானே, குளிர் என்ன செய்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2021 பிப்ரவரி பதில் சொல்லிவிட்டது. அந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் புரிந்துகொண்டால், குளிர்காலத்துக்கு முன்பு வீட்டில் எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே புரியும்.

2021-ல் என்னதான் நடந்தது?

ஆர்க்டிக் பக்கமிருந்து இறங்கிய குளிர்காற்று டெக்சாஸ் முழுவதையும் மூடியது. பிப்ரவரி 16-ம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1949-க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் வந்ததில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போட்டார்கள். அதே நேரத்தில் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக உறைந்து நின்றன. எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. எரிவாயு வராததால் இன்னும் சில மின் நிலையங்கள் நின்றன. மின்சாரம் போனதால் எரிவாயுவை அனுப்பும் கம்ப்ரஸர்கள் நின்றன. ஒன்று விழுந்து மற்றொன்றையும் இழுத்துப் போட்ட கதை.

பிப்ரவரி 15, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், மாநிலத்தின் மின் கட்டமைப்பை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு வீடுகளுக்கான மின்சாரத்தை வெட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். அது 59.4-க்குக் கீழே போய் 9 நிமிடம் நீடித்தால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும். அன்று 4 நிமிடம் 23 விநாடி அந்த எல்லைக்குக் கீழே இருந்தது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மாநிலம் முழுக்க இருட்டு, அதை மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம்.

அதைத் தடுக்க அதிகபட்சமாக 20,000 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் வெட்டப்பட்டது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. மாநில அரசின் அதிகாரபூர்வக் கணக்கில் உயிரிழந்தவர்கள் 246 பேர். அதில் 161 பேர் நேரடியாகக் குளிரால் இறந்தவர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவால் 19 பேர், தீ விபத்தில் 10 பேர்.

சுழற்சி முறை மின்வெட்டு என்றார்களே, அப்புறம் ஏன் மூன்று நாள்?

நம்ம ஊரில் சுழற்சி முறை மின்வெட்டு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஏரியாவுக்கு இரண்டு மணி நேரம், அடுத்த ஏரியாவுக்கு இரண்டு மணி நேரம். டெக்சாஸிலும் திட்டம் அதுதான். ஆனால் வெட்ட வேண்டிய அளவு மிகப் பெரிது. மருத்துவமனை, தண்ணீர் நிலையம் போன்றவை இருக்கும் லைன்களில் கை வைக்க முடியாது. மிச்சமிருந்த லைன்களை எல்லாம் வெட்டியும் போதவில்லை, சுழற்றுவதற்கு லைனே இல்லை. அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் டிவி ஓடியது. நாலு தெரு தள்ளி, ஒரே வீட்டில் இரண்டு, மூன்று நாள் கரன்ட் இல்லாமல் போர்வைக்குள் கிடந்தார்கள்.

வெளியிலிருந்து மின்சாரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். டெக்சாஸின் பெரும்பகுதிக்குத் தனி மின் கட்டமைப்பு. கிழக்கு, மேற்கு அமெரிக்க கட்டமைப்புகளோடு அதற்குப் பெரிய இணைப்பு கிடையாது. மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வராமல் இருப்பதற்காகப் பல பத்தாண்டுகளாகவே அப்படி வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் இது ஒரு பெருமை. அந்த வாரம் அதுவே சிறையானது.

இதில் கோபம் வர வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2011 பிப்ரவரியிலும் இதேபோல குளிர் வந்தது, மின்வெட்டு வந்தது. அதன்பின் மத்திய அமைப்புகள் விசாரித்து, மின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்தன. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. பத்து வருஷம் கழித்து அதே காரணம், பல மடங்கு பெரிதாகத் திரும்பி வந்தது. 2021 ஜூன் மாதம்தான் குளிர் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

மாநிலம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. வீட்டுக்காரர் என்னதான் குழாயைத் துணி சுற்றி வைத்தாலும், மூன்று நாள் கரன்ட் இல்லாவிட்டால் வீடு உறையத்தான் செய்யும். இருந்தாலும், அதே தெருவில் சில வீடுகளில் சேதம் இல்லை, சில வீடுகளில் சீலிங் இடிந்து விழுந்தது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

குழாய் எப்படி வெடிக்கிறது?

ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் உடைவது போல என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவிகிதம் விரியும். ஆனால் குழாய் பொதுவாக ஐஸ் உருவான இடத்தில் உடைவதில்லை. ஐஸ் ஒரு அடைப்பான் மாதிரி குழாயில் உட்கார்ந்துகொள்கிறது. அது வளர வளர, முன்னால் இருக்கும் தண்ணீரை மூடியிருக்கும் டேப்பை நோக்கித் தள்ளுகிறது. தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் எகிறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது.

இது புரிந்தால், குளிர் இரவில் டேப்பை லேசாகத் திறந்து சொட்டவிடச் சொல்வது ஏன் என்பதும் புரியும். ஓடும் தண்ணீர் உறையாது என்பது ஒரு காரணம்தான். உறைந்தால்கூட அழுத்தம் வெளியேற ஒரு வாசல் இருக்கிறது என்பது முக்கியமான காரணம்.

இன்னொன்று. குழாய் உடைந்தது அப்போதே தெரியாது. ஐஸ் அடைத்திருக்கும் வரை தண்ணீர் வராது. வெயில் வந்து உருகும்போதுதான் கொட்டும். 2021-ல் பலருக்கும் குளிரில் இருந்து தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் சீலிங் நனைய ஆரம்பித்தது.

மின்னசோட்டாவில் மைனஸ் 30 வரை போகிறது, அங்கே ஏன் இப்படி ஆவதில்லை? காரணம், கட்டுமானம். அங்கே தெருவுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஏழெட்டு அடி ஆழத்தில் போகும். வீட்டுக்குள் வெதுவெதுப்பான பேஸ்மென்ட் வழியாக வரும். டெக்சாஸில் பெரும்பாலான வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது, கான்கிரீட் தளத்தின்மேல் கட்டியவை. பல வீடுகளில் குழாய்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் அட்டிக் வழியாகவும், வெளிச்சுவர் வழியாகவும் போகின்றன. வெயிலை விரட்டக் கட்டிய வீடு, குளிரை அப்படியே உள்ளே விட்டுவிடும். வெளியே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால், உறை போடாத அட்டிக் குழாய்க்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் லைனில் என்ன செய்யணும்?

முதல் வேலை: வீட்டின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சிரிக்காதீர்கள். அந்த வாரம் வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு வால்வைத் தேடியவர்கள் ஏராளம். பல வீடுகளில் அது கேரேஜிலோ, வாசல் பக்கம் புல்தரையில் புதைந்த ஒரு சின்னப் பெட்டியிலோ இருக்கும். தெருவோரம் இருக்கும் மீட்டர் பெட்டியிலும் ஒரு வால்வு உண்டு. அதைத் திருப்ப நீளமான ஒரு சாவி வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா உட்பட, வால்வு இருக்கும் இடத்தைக் காட்டி ஒரு முறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, தோட்டத்து டேப். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை மாட்டியபடியே விட்டுவிடுவது பலருடைய பழக்கம். ஹோஸில் நிற்கும் தண்ணீர் உறைந்து, பின்னோக்கிச் சுவருக்குள் இருக்கும் குழாய் வரை பிடித்துக்கொள்ளும். உறையாத வகை என்று விற்கும் டேப்புகள்கூட ஹோஸ் மாட்டியிருந்தால் உடைந்துவிடும். கழற்றி, தண்ணீரை வடித்து, டேப்புக்கு ஃபோம் மூடி போட வேண்டும். சில டாலர் செலவில் முடிகிற வேலை இது.

புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் இருந்தால், வெளியே தரைக்கு மேலே வளைந்து நிற்கும் பித்தளைக் கருவி ஒன்று இருக்கும். தோட்டத்துத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் திரும்பி வராமல் தடுப்பது அதுதான். குளிரில் அதிகம் உடைவதும் அதுதான். ஸ்பிரிங்ளர் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, சுற்றிக் கட்டிவிடுங்கள்.

குளிர் இரவில், வெளிச்சுவரை ஒட்டிய டேப்களில் வெந்நீர், தண்ணீர் இரண்டையும் சொட்டவிட வேண்டும். சிங்க்குக்குக் கீழே இருக்கும் கபோர்டு கதவைத் திறந்து வைத்தால் வீட்டுச் சூடு குழாய்க்குப் போகும். அந்தக் கபோர்டில் ஆசிட், கிளீனர் வைத்திருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் முதலில் எடுத்து வையுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா வீட்டிலும் சொட்டவிட்டால் நகரத்தின் தண்ணீர் அழுத்தம் குறையும். 2021-ல் உடைந்த குழாய்களும் சேர்ந்துகொண்டதில் அழுத்தம் சரிந்தது. குழாயைத் திறந்து விடாதீர்கள், தேவைப்பட்டால் மெயினை மூடி வடித்துவிடுங்கள் என்று ஹூஸ்டன் நகரம் கேட்டுக்கொண்டது. மாநிலத்தில் 1.4 கோடிக்கும் அதிகமான மக்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டிய நிலை, அடுப்பு எரிக்க கரன்ட் இல்லாத வீடுகளில்கூட. எனவே முன்கூட்டியே குடிதண்ணீர் பிடித்து வைப்பதும், டாய்லெட்டுக்காக பாத் டப்பை நிரப்பி வைப்பதும் அதிகப்படியான பயம் ஆகாது. நாம்தான் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் பழகியவர்கள் ஆயிற்றே!

குழாய் உறைந்துவிட்டால்? டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கமிருந்து ஆரம்பித்து ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டலாம். நெருப்பு காட்டவே கூடாது. பிளந்திருப்பது தெரிந்தால் முதலில் மெயின் வால்வு, பிறகுதான் பிளம்பருக்கு போன்.

ஹீட்டிங்கும் மின்சாரமும்

டெக்சாஸில் பத்தில் ஆறு வீடுகள் மின்சாரத்தால்தான் சூடேற்றப்படுகின்றன. பலவற்றில் இருப்பது ஹீட் பம்ப். ஏசி தலைகீழாக வேலை செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும். வெளியே ரொம்பக் குளிர்ந்தால் இழுக்க வெப்பம் குறைவு. அப்போது உள்ளே இருக்கும் மின் கம்பிச் சுருள் தானாக ஆன் ஆகும். நம் வீட்டு இமெர்ஷன் ஹீட்டரின் அண்ணன் போல. அது 10 கிலோவாட் அளவிலோ அதற்கு மேலோகூட மின்சாரம் இழுக்கும். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே இரவில் இது நடந்ததால்தான் தேவை அப்படி எகிறியது.

கேஸ் ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள், கரன்ட் போனாலும் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். ஃபர்னஸின் காற்றாடியும் கட்டுப்பாட்டு போர்டும் மின்சாரத்தில் ஓடுபவை. கேஸ் இருந்தும் குளிர்தான். கேஸில் ஓடும் டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டருக்கும் இதே கதை. வெளிச்சுவரில் மாட்டியிருந்தால், கரன்ட் போன பிறகு அதன் உறைதடுப்பு வசதியும் நின்றுவிடும். அதை வடிப்பது எப்படி என்று முன்பே மேனுவலைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃபில்டரை மாற்றி, அக்டோபர், நவம்பரிலேயே ஒரு நாள் ஹீட்டிங்கை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் நாள் தூசி கருகும் வாசனை கொஞ்ச நேரம் வரும், அது சகஜம். நிற்காமல் வந்தால் அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். குளிர் வந்த அன்று கூப்பிட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்து நாம் அதிகம் தப்பு செய்யும் இடம், ரூம் ஹீட்டர். அங்கே விற்கும் சாதாரண ரூம் ஹீட்டர் 1500 வாட். இந்தியாவில் 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். அமெரிக்காவில் 120 வோல்ட், அதனால் அதே வாட்டுக்கு 12.5 ஆம்பியர். படுக்கையறை பிரேக்கர் பெரும்பாலும் 15 ஆம்பியர்தான். ஒரு ஹீட்டரே அந்த லைனை ஏறக்குறைய நிரப்பிவிடும். இதை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ, ஸ்பைக் பஸ்டரிலோ மாட்டினால் வயர் சூடாகி உருகும். நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், திரைச்சீலை, மெத்தை, சோபாவிலிருந்து மூன்றடி தள்ளி. தூங்கும்போது அணைத்துவிட வேண்டும்.

கரன்ட் போனால் தெர்மோஸ்டாட்டையும் பெரிய சாதனங்களையும் ஆஃப் செய்துவிடுங்கள். கரன்ட் திரும்பும் நொடியில் தெரு முழுவதும் எல்லா ஹீட்டரும் ஒன்றாக இழுத்தால் லைன் மறுபடியும் டிரிப் ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

19 பேரைக் கொன்ற கார்பன் மோனாக்சைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிரைவிட இதில்தான் வீட்டுக்காரர் கையில் அதிகம் இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் வரும், ஃப்ளூ மாதிரி இருக்கும், அப்படியே தூக்கம். கேரேஜில் காரை ஸ்டார்ட் செய்து அதற்குள் உட்கார்ந்தவர்கள், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், ஜெனரேட்டரை ஜன்னல் பக்கத்தில் வைத்தவர்கள் என அந்த வாரம் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கேரேஜ் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் வாயு வீட்டுக்குள் வரும்.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கொடைக்கானலில் பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் போட்டுக் குளித்தவர்கள் இறந்த செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைப் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெளியே, புகை வாசல் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதை நேரடியாக வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகி லைனுக்கு மின்சாரம் கொடுப்பது கூடவே கூடாது. அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தெரு லைனுக்குப் போய், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கே உலையாகும்.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

ஓரளவு. 2022 டிசம்பரில் கடும் குளிர் வந்தபோதும், 2024 ஜனவரியிலும் எர்காட் மின்வெட்டு இல்லாமல் சமாளித்தது. மின் நிலையங்களில் ஆய்வு நடக்கிறது. ஆனால் 2023 பிப்ரவரியில் ஆஸ்டினில் நடந்தது வேறு. மின் உற்பத்தியில் குறையே இல்லை. மரக்கிளைகளில் ஐஸ் ஏறி, எடை தாங்காமல் முறிந்து வயர்கள்மேல் விழுந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரன்ட் இல்லை, சிலருக்கு நாள் கணக்கில். கட்டமைப்பு சரியாகிவிட்டது என்ற அறிவிப்பை மட்டும் நம்பி வீட்டைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்பதற்கு அது உதாரணம்.

மின் ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். 2021-ல் மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நான்கு நாட்கள் நின்றது. அதாவது ஒரு யூனிட் 9 டாலர். சந்தை விலைக்கே மின்சாரம் தரும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. நிலையான விலைத் திட்டத்தில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பூட்டிவிட்டுப் போகும் வீடு

முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். நான்கு வாரம் ஊருக்குப் போகிறீர்கள். செலவு மிச்சம் என்று ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்க வேண்டாம். வீட்டைச் சூடாக வைக்காமல் விட்டதால் குழாய் வெடித்தது என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, வீட்டு உரிமையாளரின் பாலிசி உங்கள் சோபாவுக்கும் லேப்டாப்புக்கும் பணம் தராது. அதற்குத் தனியாக வாடகைதாரர் காப்பீடு வேண்டும்.

ஆனால் ஹீட்டிங் மட்டும் போதாது, கரன்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் மெயின் வால்வை மூடிவிட்டு, கீழ்த்தளத்திலும் மாடியிலும் டேப்களைத் திறந்து குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. மின்சார வாட்டர் ஹீட்டர் என்றால் அதன் பிரேக்கரையும் ஆஃப் செய்யுங்கள். டேங்கில் தண்ணீர் இல்லாமல் சூடானால் காயில் எரிந்துவிடும். கேஸ் என்றால் வெக்கேஷன் நிலையில் வைக்கலாம். இப்படி மூடிவிட்டால், மிச்சம் மீதி தண்ணீர் உறைந்து ஒரு இடத்தில் பிளந்தாலும் சில பக்கெட்டோடு முடியும். மூடாவிட்டால், நீங்கள் மதுரையிலிருந்து திரும்பும் வரை நிற்காமல் ஓடும்.

போனில் பார்க்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் கரன்ட் போனால் வைஃபையும் போகும், திரையில் ஆஃப்லைன் என்று மட்டும்தான் காட்டும். அந்த நேரத்தில் போன் செய்து, போய்ப் பார்க்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமோ நண்பரிடமோ சாவியைக் கொடுங்கள். கரன்ட் இல்லாதபோது கேரேஜ் ஷட்டரைத் திறக்க உள்ளே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கணும் என்பதையும் சொல்லி, வால்வு பெட்டி வரை கூட்டிக்கொண்டு போய்க் கையோடு திருப்பிக் காட்டிவிடுங்கள். வருஷக்கணக்கில் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கும், சில சமயம் திருப்பும்போதே கழுத்து உடைந்துவிடும். அது உடைவதாக இருந்தால், பிளம்பர் கிடைக்கும் அக்டோபர் மாதத்துப் பகலில் உடையட்டும்.